பி ஏழு

சாட்சி சொன்ன சொல்லுக்கு
என்னிடம் தமிழ் இல்லை.
கல்முனை மேல்நீதிமன்றத்தில் பதினொரு வருடமாக
காணி உறுதி, கைகலப்பு, கசிப்பு, தாபரிப்புக் காசு
எல்லாவற்றையும் சிங்களத்திலிருந்து இறக்கி வைத்தவள்
ஒரு துண்டு இரும்பின் முன்னால்
நின்றுவிட்டேன்.

அகராதியில் அது ‘பிரித்தெடுப்பான்’.
எண்ணெய்ச் செக்குக்குச் சரி.
இது வேறு:
வெடித்து முடிந்த வெற்றுக் கோதை
விளிம்பில் பற்றி
அறைக்குள்ளிருந்து பின்னுக்கு இழுக்கிற கொக்கி.
சோற்றுப் பருக்கையைவிடக் கொஞ்சம் பெரிது.

நகம், என்றேன்.
நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
நகமா?
நகம், கனம் நீதிபதி அவர்களே.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவர் வெலிகெதர.
சேர்ட்டின் முதுகில் இன்னும் ஆசனத்தின் மடிப்பு.
பிஸ்டலில் நகம் இரண்டு விதம் என்றார்.
ஒன்று உள்ளே படுத்திருக்கும்,
நீளமாக, ஒரே உருக்குத் துண்டாக.
தனி ஸ்பிரிங் இல்லை,
தன் வளைவே தனக்கு விசை.
வளைவு சோர்ந்தால் கழற்றி
ஒரு மயிரளவு வளைத்துச் செருகவேண்டும்;
எத்தனை மயிர் என்பது
வளைக்கிறவனின் விரலுக்குத்தான் தெரியும்.
தோட்டா கீழிருந்து ஏறி
அதன் அடியில் நுழையும்,
படலைக்குள் குனிந்து வருகிறவன் மாதிரி.

மற்றது வெளியே தெரியும்.
குட்டை. ஆணியில் ஆடும்.
பின்னால் சுருள் ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும்.
அறைக்குள் முன்பே கிடக்கிற தோட்டாவையும்
விளிம்பின் மேலால் ஏறிக் குதித்துப் பிடிக்கும்.
ஏறிய இடத்தில் கீறும்.

எது திறம்? என்றார் அரச சட்டவாதி,
கேள்வி தேவையில்லாமலே.
வெலிகெதர யோசித்தார்.
முதலாவதைக் கவனமாக வைத்திருக்க வேண்டும்.
இரண்டாவது கொஞ்சம் மன்னிக்கும்.
அந்தச் சொல்லைத் தமிழில் சொல்லும்போது
என் குரல் இறங்கிற்று.
மூன்றாம் வாங்கில் றிஸ்வியா இருந்தாள்.

பி ஏழு: ஜெஸீலின் லொறி ஆசனத்தின் கீழ் எடுத்த பிஸ்டல்.
உள்நகம்.
பி ஒன்பது: சம்மாந்துறை அரிசி ஆலையில்
காசாளர் விழுந்த இடத்தருகே
தவிட்டு மூட்டைகளுக்கிடையில் பொறுக்கிய கோதுகள், மூன்று.
ஈரத் தவிட்டில் மாதக்கணக்காகக் கிடந்து
அடிமுகம் பச்சை பூத்துவிட்டது.
விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் தப்பியிருந்தது.
அந்தப் பக்கத்தில், மூன்றிலும்,
ஏறிக் குதித்த கீறல்.

இந்த நகம் அந்தக் கீறலைப் போடாது.

அவர் ஒருதரம் சொன்னார்.
நான் ஒருதரம் சொன்னேன்.
என் வாயில் அது
என்னுடைய வாக்குமூலம் போலிருந்தது.
எதிரிக் கூண்டில் ஜெஸீல்
தன் கைவிரல்களைக் குனிந்து பார்த்தான்.
பிறகு நான் பார்ப்பதைப் பார்த்து
விரல்களை மடக்கினான்.

ஆவணி பதினாறுக்குத் தவணை.

பஸ் நிலையத்தடியில் றிஸ்வியா வந்து
என் சேலைத் தலைப்பைப் பிடித்தாள்.
கோபமென்று நினைத்தேன்.
இரண்டு வருடமாக அவள் வெறுத்து வைத்திருந்த ஒருவனை
அரைமணித்தியாலத்தில் தளர்த்திவிட்டிருந்தேன்,
பருக்கையளவு இரும்பால்.
‘நீங்க சொன்னது வெளங்கிச்சி’ என்றாள்.
‘அப்ப மத்தத் துவக்கு எங்ககா இரிக்கி?’

தமிழில்தான் கேட்டாள்.
மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.
சம்மாந்துறை பஸ் வந்தது.
பிடியை விட்டு ஏறினாள்,
தலைப்பில் நாலு விரல் கசங்கல்.

பின்னேரம் வழக்கேட்டைச் சரிபார்க்கத் தந்தார்கள்.
‘நகம்’ என்ற சொல்லுக்கு நேரே
தட்டச்சுக்காரர் பென்சிலால்
ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.
எல்லாப் பக்கமும் திருத்திக் கையொப்பமிட்டேன்.
அதை மட்டும் அழிக்கவில்லை.