விரற்கடை

சாத்தியார் அணைக்கு மேற்கே
மாந்தோப்புக்குப் போகிற ஓடைத்தடத்தில்
ஒரு கல் இருக்கிறது.
அதன் நெற்றியில் கறுப்பாக மினுங்குவது
என் வண்டியின் எண்ணெய்.

கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்தாயிற்று.
வெளியே தெரிவது சுண்டுவிரல் நுனி,
கை முழுக்க மண்ணுக்குள்.

மூன்று சித்திரையாக
பின் ஆக்சில் உருண்டையை
அதனிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.
டங்.
காதில் இல்லை, பல்லில் கேட்கும்.

இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டேன்.
பெட்டி உயர்ந்தது, என் இருக்கை உயர்ந்தது,
எதிரே வந்த ஆட்டோக்காரர்
நிமிர்ந்து பார்த்து வழிவிட்டார்.
உருண்டை இருந்த இடத்திலேயே இருந்தது.

"பட்டை அது மேலதானக்கா உக்காந்திருக்கு"
என்றான் சிம்மக்கல் டயர்க்கடை சிக்கந்தர்.
"கழட்டிப் போடு.
உருண்டையத் தூக்கணும்னா
டயர் ஒண்ணுதான் தூக்கும்."

நூற்று அறுபத்தைந்தைக் கழற்றி
நூற்று எண்பத்தைந்து.
இருபது கூடுதே என்றேன்.
அது அகலம் என்றான்.
சாக்கட்டியால் ஷட்டரில் ஒரு வட்டம்,
அதைச் சுற்றி இன்னொரு வட்டம்.
"ஒண்ணு சொச்சம் அங்குலம் வளருது.
அச்சு நடுவுல நிக்கிதா?
பாதி கீழ வந்து வண்டியத் தூக்கும்.
பாதி மேல போயி மட்கார்டத் தேய்க்கும்."

ஆக, அரை அங்குலமும் கொஞ்சமும்.
நாலு டயருக்கு எவ்வளவு என்றேன்.
சொன்னான்.
என் ஆள்காட்டி விரலைக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாட்டிய அன்றே தெரிந்தது.
பாலமேட்டு வளைவில் முழுசாக ஒடித்தால்
முன்சக்கரம் முணுமுணுக்கிறது.
இரண்டாவது கியரில் ஏறிய மேடு
முதல் கியர் கேட்கிறது.
முள் நாற்பதில் நிற்கும்போது
நான் நாற்பத்திரண்டில் போகிறேன்.
நூறு கிலோமீட்டர் ஓடினால்
தொண்ணூற்றாறு என்று எழுதுகிறது மீட்டர்.
மீட்டரைப் பார்த்துத்தான் வாடகை எண்ணுகிறார்
கமிஷன் கடை தெய்வேந்திரன்.
நாலு கிலோமீட்டர் சும்மா ஓட்டுகிறேன்.
சொன்னால் சிரிப்பார்.

தோப்பில் முதல் பெட்டியைத் தூக்கிய ஒச்சம்மா
விளிம்பில் இடித்துக்கொண்டாள்.
"டிரைவரக்கா, வண்டி வளந்திருக்கா?"
டேப் வைத்து அளந்த எனக்கே
கண்ணில் படாதது,
அவள் தோளில் பட்டுவிட்டது.

இரண்டு நடைக்கு நூற்றுப்பத்துப் பெட்டி.
ஒவ்வொன்றுக்கும் அரை அங்குலமும் கொஞ்சமும்.
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
கூட்டிக்கொண்டே போனேன்.
ஐந்தடி வந்தது.
ஒச்சம்மா உயரம்.

திரும்பும்போது ஓடை.
முதலில் மணல், அப்புறம் கல்.
மணலுக்கு டயர் தளர வேண்டும்;
காற்றை இறக்கினால் பரந்து பிடிக்கும்.
கல்லுக்கு விறைக்க வேண்டும்;
காற்று இறங்கினால் உருண்டையும் இறங்கும்.
இரண்டுக்கும் நடுவே பதினோரு அடி.
அதற்குள்தான் என் பிழைப்பு.

மணலைத் தாண்டி,
அங்குலம் அங்குலமாக உருட்டி,
கல்லுக்கு மேலே உருண்டை வந்ததும்
கைப்பிரேக்கை இழுத்தேன்.
சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு
அடியில் ஊர்ந்து விரல் விட்டுப் பார்த்தேன்.

காலையில் காலியாக வந்தபோது
விரல் தாராளமாகப் போனது.
இப்போது காயின் கனத்தில்
டயர் வயிறு தள்ளி நிற்கிறது.
நகம் போகிறது.
நகம் மட்டும்.

பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒச்சம்மா
குதித்து இறங்கினாள்.
தலைத் துண்டை உதறி இடுப்பில் கட்டி
கால் பம்ப்பை எடுத்து
இடது டயரில் மாட்டினாள்.

"எம்புட்டு மிதிக்கணும்?"

பழைய எண்ணெய்க் கறைமேல்
கன்னம் உரச,
விரலை எடுக்காமல் படுத்திருக்கிறேன்.

"மிதி.
விரல் போனதும் சொல்றேன்."