வெனிலாக் கிடங்கு, சம்பாவா

நான் வேனில் ஏறினால் எல்லார் தலையும் திரும்புகிறது.
கோழிக்கூடையை மடியில் வைத்திருப்பவர்கூடக்
கண்ணை மூடி ஒருமுறை உள்ளிழுத்துக்கொள்கிறார்.
நடத்துநன் பாதிக் கட்டணம்தான் வாங்குகிறான்,
மீதியை மூச்சில் எடுத்துக்கொண்டவனைப்போல.

எனக்கு ஒன்றும் தெரிவதில்லை.

முதல் நாள் தெரிந்தது.
கிடங்குக் கதவைத் திறந்ததும் அது அறைந்த அறையில்
சுவரைப் பிடித்துக்கொண்டேன்.
கம்பளிக்குள் வியர்த்துக் கிடந்தன காய்கள்.
மதியச் சோற்றில் அது, குடித்த தண்ணீரில் அது,
கனவில் யாரோ விடிய விடியப் பால் காய்ச்சினார்கள்.
பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ
சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

அது எங்கும் போகவில்லை.
நான்தான் போயிருந்தேன்.

நீளம் பார்த்துப் பிரிக்கிறோம்: பதினாறு, பதினெட்டு,
வெடித்தது தனி.
ராஃபியா நாரால் கட்டி மெழுகுத்தாளில் கிடத்துகிறோம்.
மூலையில் வானொலி புயலின் பெயரைச் சொல்கிறது.
யாரும் சத்தத்தைக் கூட்டுவதில்லை.
சாயங்காலம் வாசலில் ஜௌமஸாவா
திருட்டுக் காய் இருக்கிறதா என்று
எங்கள் கூந்தலை விரலால் கோதிப் பார்க்கிறான்.
மோந்து பார்ப்பதில்லை.
எட்டு வருடமாக அவனும் உள்ளேதான்.

போன பருவத்தில் பிள்ளை பிறந்தான்.
பதினைந்தாம் நாளே வேலைக்குப் போனேன்.
இருட்டிய பிறகு வந்து தூக்கினால்
கழுத்தடியில் மூக்கைப் புதைத்துத் தூங்கிவிடுவான்.
என் முகம் அவனுக்குத் தேவைப்படவில்லை.

நவம்பரில் பெட்டிகள் கப்பலேறின. கிடங்கைப் பூட்டினார்கள்.
நான் ஆற்றில் குளித்தேன், மீன் கழுவினேன்,
ஈரவிறகோடு மல்லுக்கட்டினேன்.
மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி
பிள்ளை என் கழுத்தில் தேடினான்.
இந்தப் பக்கம் தேடினான், அந்தப் பக்கம் தேடினான்.
பிறகு அழுதான் பாருங்கள்,
பிள்ளைபிடிக்கிறவளிடம் அகப்பட்டவன்போல.
பால் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பாய்க்கடியில் துவைக்காமல் கிடந்தது
என் கிடங்குச் சட்டை.
எடுத்து அவன்மேல் போர்த்தினேன்.
அடங்கினான்.

சட்டையைச் சரிசெய்யக் குனிந்தபோது
வந்தது.

இவளா?
இவளையா வேன் முழுக்க மோந்துகொண்டு வந்தது?

இரண்டு மூச்சு.
மூன்றாவது எடுக்கவில்லை.
வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து
மழையில் நின்றேன்,
மிச்சம் இருக்கட்டும் என்று.