இருபத்து நான்கு மூடிகள்

குவீன்ஸ்பே பேரங்காடியில்
முப்பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு.
அட்டையில் இருபத்து நான்கு சன்னல்,
சன்னலுக்கு ஒரு சாக்லேட்.
பனி படத்தில் மட்டும்.
வெளியே ரோஜாக் வண்டிக்காரர்
கழுத்துத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார்.

பெனிட்டா எடுத்தாள்.
பின்பக்கம் திருப்பி
மாவுச்சத்துக் கணக்கைப் படித்தாள்.
எட்டு வயது.
"பனிமனுசன் மூக்கு கோணல்" என்று
இருந்த இடத்திலேயே வைத்தாள்.

ஜூலையிலிருந்து எங்கள் வீட்டில்
இனிப்புக்கு எண் உண்டு.
பசியாறுமுன் ஒரு விரல்,
பள்ளிவிட்டு வந்ததும் ஒரு விரல்,
விடிகாலை மூன்றுக்கு ஒரு விரல்.
அதற்கு அவள் விழிப்பதில்லை.
தூக்கத்துக்குள்ளிருந்தே கையை நீட்டுவாள்,
சில்லறை கொடுப்பவள்போல.

சோதனைப் பட்டைகள் வரும் குப்பி
கட்டைவிரல் உயரம்.
மூடி திறந்தால் டப் என்று ஒரு சத்தம்.
பதினொன்று எங்களிடமே சேர்ந்திருந்தன.
மீதியை வார்டிலிருந்து மிஸ்ஸி ஜுனைடா
நெகிழிப்பையில் கட்டித் தந்தார்.
எதற்கு என்றார்.
கிறிஸ்மஸ் வரை எண்ண என்றேன்.
பெருநாளுக்கு நாங்கள் எண்ணுவதுபோலா?
அதுபோலத்தான், பசி மட்டும் கிடையாது.
அவர் சிரித்தார். நான் சிரித்தது
கொஞ்சம் தாமதமாக.

ஒன்றாம் தேதி,
தஞ்சோங் பூங்காவில் பொறுக்கிய கண்ணாடித் துண்டு,
அலை நக்கி நக்கி மழுக்கியது.
இரண்டு, ஒரு விடுகதை.
விடை மின்தூக்கிக் கதவில் ஒட்டியிருந்தது;
பத்தாம் மாடி ஆ பெங் மாமா அவளுக்கு முன்பே படித்துவிட்டார்.
மூன்று, "இன்று காரில் நீ சொல்லும் பாட்டு."
ஒரே பாட்டு, ஒன்பது முறை,
ஜெலுத்தோங் நெரிசல் முழுக்க.
நான்கில் பாலேக் பூலாவ் ஜாதிபத்திரி,
சளிபிடித்த மூக்குக்கும் எட்டியது.

ஏழாம் தேதி இரட்டை ஷிஃப்ட். மறந்தே போனேன்.
காலுறையோடு நின்று
சம்பளச் சீட்டின் ஓரத்தைக் கிழித்து
'கடன்' என்றெழுதிப் போட்டேன்.
பன்னிரண்டும் கடன்.
பத்தொன்பதும்.
அவள் முகம் சுளிக்கவில்லை.
மூன்றையும் மடித்துப் பென்சில் பெட்டியில் வைத்தாள்.
வட்டிக்கடைக்காரர்கள்கூட
அவ்வளவு அமைதியாக வைத்துப் பார்த்ததில்லை.

இருபதாம் தேதி ஜெசிந்தாவின் தலையணையடியில்
ஒரு குப்பி. ஊதா மையில் 'அம்மா'.
உள்ளே என் கடன்சீட்டு,
அதன் முதுகில்:
"இன்னைக்கு மூணு மணி அப்பாவோடது."
ஜெசிந்தா எட்டரை வரை தூங்கினாள்.
ஆறு மாதத்தில் முதல்முறை
அவள் குறட்டை விடுவாள் என்பது
என் நினைவுக்கு வந்தது.

இருபத்து நான்கு, இரவு.
நள்ளிரவுத் திருப்பலிக்குச் சட்டை தேய்க்கிறேன்.
ஒரு குப்பி நீட்டினாள். 'அப்பா'.
டப்.
பொன்னிறத் தாள், நகத்தால் நீவி
நான்காய் மடித்தது.

என் காரின் முன்பெட்டியிலிருந்து.

ஜூலையிலிருந்து தினமும்
மூன்றாம் தள வாகன நிறுத்தத்தில்
எஞ்சினை அணைத்துவிட்டு ஏழு நிமிடம்
நான் தின்று, துடைத்து,
புதினா மென்று மேலே வருவது
அவளுக்குத் தெரியும்.

இஸ்திரிப்பெட்டி சட்டையில் இருந்தது.
அவள்தான் அதை நிமிர்த்தி வைத்தாள்.
பிறகு இரண்டாம் சீட்டை மேசையில் வைத்தாள்,
பழுப்பேறிய, என் கையெழுத்துள்ள கடன்.

"போயி மிச்சத்த எடுத்துட்டு வாங்க.
ஒரு கட்டம் அஞ்சு கிராம்.
கணக்குப் போட்டுட்டேன்.
அம்மாகிட்ட ஊசியும் சொல்லியாச்சு."

மின்தூக்கி வேலை செய்யவில்லை.
பதினொரு மாடி இறங்கி, ஏறி,
வியர்த்து வந்து நின்றபோது
சாக்லேட் பாதி உருகியிருந்தது.
மூவரும் கரண்டியால் தின்றோம்.
தாளை அவளே நக்கினாள்,
அதையும் கணக்கில் சேர்த்தாளா என்று
நான் கேட்கவில்லை.

மூன்றாம் சீட்டை
இன்னும் அவள் வெளியே எடுக்கவில்லை.