தொர்க்கெல் மகள்

மூன்று குளிர்காலம் அவள் பின்னால் போனேன்.
பெர்கன் ஆவணக் காப்பகத்தின் நிலவறையில்
சுருளை உருட்டி உருட்டி
வலது மணிக்கட்டு வீங்கிப்போனது.
பாதிரியின் கையெழுத்து
ஈரமணலில் நண்டு நடந்த தடம்.

குன்ஹில்ட், தொர்க்கெல் மகள்.
அவ்வளவுதான் பெயர்.
பின்னால் ஒட்டிக்கொள்வது குடியிருந்த பண்ணை;
இடம் மாறினால் அதுவும் மாறும்.
பிறந்தபோது ஹோல்சேட்.
வேலைக்காரியாய்ப் போனதும் நெஸ்.
பிறகு நெஸ்ஸுக்குக் கீழே, அலை வந்து தொடும்
நிலமில்லாக் குடிசை ஒன்று.
அதற்குப் பெயரில்லை;
எழுதியவர் ஒரு கோடு போட்டுவிட்டு
அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

பத்து வயதில் அம்மை குத்தியிருக்கிறார்கள்.
குத்திய சீட்டு இல்லாமல்
அங்கே அன்று கல்யாணம் கிடையாது.
சீட்டு இருந்தது. கல்யாணம் நடந்தது.
மாப்பிள்ளை ராஸ்முஸ்,
படகில் எட்டில் ஒரு பங்குக்காரன்.

முதல் குழந்தை ஆனா.
மூன்று வருடம் கழித்து இன்னொரு ஆனா.
போன பிள்ளையின் பெயரை
வந்த பிள்ளைக்கு வைப்பது வழக்கம்,
பழைய சட்டையைப் போட்டுவிடுவதுபோல.
மூன்றாவது ஆனாவின் இறப்பு எங்கும் இல்லை.
பிழைத்துக்கொண்டாள், அவள் வழியாகத்தான்
நான் இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன் என்று
அன்று சாயங்காலம்
ஒரு பீர் கூடுதலாகக் குடித்தேன்.

ராஸ்முஸ் ஹெர்ரிங் மீன் காலத்தில் மூழ்கினான்.
சொத்தை மதிப்பிட இரண்டு பேர் வந்தார்கள்:
இரும்புப் பானை, அடியில் ஒட்டுப்போட்டது.
ஆடு இரண்டு, ஒன்று கிழடு.
பசுவில் பாதி.
எந்தப் பாதி என்று மைத்துனன் ஸ்வெர்ரே சிரித்தான்.
ஒருநாள் விட்டு ஒருநாள் கறந்திருப்பாள்
என்று நினைக்கிறேன்.
கடைசியில், கையெழுத்து இடத்தில்,
'பேனாவைத் தொட்டாள்.'
எழுதத் தெரியாதவர் பெயரை எழுத்தர் எழுதுவார்;
அவர் எழுதும்போது
அந்த இறகின் நுனியை இவர்கள் தொட்டுக்கொண்டிருப்பார்கள்.
சட்டத்துக்கு அது போதும்.

போன பிப்ரவரியில், வேறெதையோ தேடி,
அக்கரைத் தேவாலயத்தின் புதைப்பு ஏட்டைத் திறந்தேன்.
ஆனா, ராஸ்முஸ் மகள், நான்கு வயது,
தொண்டை அடைப்பான்.
தாய் இங்கே உப்புக்கொட்டகையில் கூலி.

திரையை அணைக்காமல் வெளியே வந்து
மழையில் நின்றேன்.

அப்புறம் கண்டுபிடிக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை.
அதே வருடம், ஃப்யோர்டின் மறுகரையில்,
வேறொரு தொர்க்கெல்லுக்கு வேறொரு குன்ஹில்ட்.
புருஷனும் ராஸ்முஸ்தான்.
அந்தக் கடலோரத்தில் கல்லெறிந்தால்
ஏதாவது ஒரு ராஸ்முஸ் மண்டையில் விழும்.
கல் கட்டிய நிலவறை, ஆறு பசு, பதினொரு பிள்ளை.
அவள்தான் என் ரத்தம்.
நல்ல உடம்புக்காரி. தொண்ணூறு வரை இருந்தாள்.
அவளைப் பற்றி எனக்கு
வேறெதுவும் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை.

இவள் பிறகு ஊர்ப் பொறுப்பில் சேர்ந்தாள்,
வீட்டுக்கு ஒரு வாரமென்று
பண்ணை பண்ணையாய்ச் சோறு.
அறுபத்தைந்தில் முடிந்தது.
காரணம் எழுதும் கட்டம் காலி.
தேடி வர ஒருவரும் பிறக்கவில்லை.
நான் வந்ததும் வழி தவறித்தான்.

ஸ்வெர்ரேயின் எழுபதாம் பிறந்தநாளுக்கு
வம்சமரத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டினோம்.
எல்லாரும் வருமுன் பென்சிலை எடுத்து
ஓரத்தில், எந்தக் கிளையும் எட்டாத இடத்தில்,
ஒரு சின்னக் கட்டம் வரைந்து அவளை எழுதினேன்.
கோடு எதுவும் இழுக்கவில்லை.

இது யார், நமக்கு என்ன முறை, என்றான் ஸ்வெர்ரே,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

முறை ஒன்றுமில்லை என்றேன்.
பாதிப் பசு வைத்திருந்தவள்.

ஓ, அவளா, என்றான்.
என் கையிலிருந்த பென்சிலை வாங்கி,
அழிக்கப்போகிறான் என்று நினைத்தேன்,
மங்கியிருந்த ஓர் எழுத்தின் மேல்
அழுத்தி ஒருமுறை எழுதினான்.