ஏணி

சீனக்குடாவில், மூலைக் குதத்தில்
துருச் சுரண்டுகிறோம், நானும் உவைசும்.
பத்தரைக்கே தகரம் கொதிக்கும்.
தேத்தண்ணிக்கு இறங்கி
மரமுந்திரிகை நிழலில் குந்தினால்
தலைக்கு மேலே முசுறுக் கூடுகள்,
பச்சை இலைப் பொட்டலங்கள்.
பதினொன்று எண்ணினேன்.
உவைஸ் பதின்மூன்று என்றான்.
தைக்கிற நூல் அதுகளின் குஞ்சின் வாயில்.
குஞ்சைக் கவ்வித் தூக்கி
இந்த ஓரம், அந்த ஓரம் என்று
வாயை ஒற்றி ஒற்றி இலையை மூடும்.
பார்த்துக்கொண்டிருந்ததில்
தேத்தண்ணி ஆறிப்போனது.

கீழே, சீமெந்து வெடிப்பில்
கட்டெறும்பு.
பெரிய தலை, அவசரமில்லாத நடை.
மரம் இதுக்கு, நிலம் அதுக்கு.
அடிமரத்தைச் சுற்றி இரண்டு முழம் வெறும் மணல்,
அதில் எதுவும் நிற்பதில்லை.
உவைஸ் ஒரு நெத்தலித் தலையைச்
சரி நடுவில் வைத்துப் பார்த்தான்.
மூன்று நாள் அங்கேயே காய்ந்தது.

செவ்வாய்க்கிழமை
ஏணியைக் குதத்தில் சாத்தினேன்.
ஒரு கிளை அதன் நாலாம் படியில்
கைவைத்தாற்போல் கிடந்தது.
வெட்டப் பஞ்சி.

அரைமணிக்குள் மூன்று முசுறு படியிறங்கின.
வெடிப்பை எட்டிப்பார்த்துத் திரும்பின,
பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து
வழி எழுதிக்கொண்டே.
பிறகு கணக்கில்லை.

ஒரு கட்டெறும்புக்கு ஆறு முசுறு.
காலுக்கொன்று.
இழுப்பதில் அசைவே தெரியாது,
கூடாரக் கயிறுபோல விறைத்து நிற்கும்.
நடுவில் அது, உயிரோடு.
போனில் நேரம் பார்த்தேன்:
பத்தொன்பது நிமிடம்.
பிறகு ஒரு கால் கழன்றது.
கட்டெறும்பும் லேசுப்பட்டதில்லை.
இடுப்பில் பிடித்தால் இரண்டு துண்டு.
ஒன்று,
தன் காலைக் கவ்விய சிவப்புத் தலையை
உடம்பில்லாமல் இழுத்துக்கொண்டு திரிந்தது.
காற்றில் வினாகிரி வாசம்.
கிட்டக் குனிந்த எனக்குக் கண் எரிந்தது.

ஓவர்சியர் பத்மராசா வந்து பார்த்துவிட்டு
"நம்மட கதைதான்" என்றார்.
எனக்குப் பிடிக்கவில்லை.
நம்மட கதைக்கு
எறும்பைக் கூப்பிடுவானேன்.
அதுகளுக்குச் சொந்தமாகவே
ஒரு செவ்வாய்க்கிழமை இருந்தது.
அதோடு
ஏணியை வைத்தது யார் என்று
அவர் கேட்கவுமில்லை.

ஐந்து மணிக்குத் தூக்கினோம்.
உவைஸ் கையை உதறி உதறி
வாயில் வந்ததெல்லாம் சொன்னான்.
கிளை விடுபட்டு மேலே எம்பியது.
அதன் நுனியில் முசுறுகள்
ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்வித் தொங்கின,
ஏழெட்டு உடல் நீளத்தில் ஒரு சங்கிலி.
கீழே தவறியவை குதத்தில் ஏறி
நாங்கள் சுரண்டிய இடம்வரை போய்
முன்காலைத் தூக்கிக் காற்றைத் தடவின.
எட்டவில்லை.

புதன் காலை
கட்டெறும்புகள் துப்புரவு செய்தன.
சிவப்பை உள்ளே கொண்டுபோயின,
கறுப்பை வெளியே.
இரண்டு முழ மணல்
இப்போது ஒரு முழம்.
நெத்தலித் தலையைக் காணவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும்.
அந்தச் செவ்வாய் பின்னேரம்
பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏற
கொலருக்குள் ஏதோ கடித்தது.
பிடித்து உள்ளங்கையில் விட்டேன்.
பின்பக்கத்தை உயர்த்தி, தாடையை விரித்து
என்னோடு சண்டைக்கு நின்றது.
இரண்டு பக்கமும் தண்ணீர்.
ஊதிவிட மனம் வரவில்லை.
கையைப் பொத்திக்கொண்டு
இன்னும் மூன்று கடி வாங்கி
ஆலங்கேணியில் இறங்கி
வீட்டு மாமரத்தில் ஏற்றிவிட்டேன்.
அங்கேயும் முசுறுதான்.
நல்லது என்று படலை திறக்கும்போதுதான்
உறைத்தது:
முசுறுதான்,
அதன் கூடு இல்லை.

டோர்ச்சோடு திரும்பி வந்தேன்.
ஆறு நின்றன.
காலுக்கொன்று.