அளவு

எர்மெலிண்டாவின் விரலில்
ஊசி இறங்கவில்லை.
முப்பத்தொரு வருடம்
சூட்டுக்கல்லில் சோள ரொட்டி புரட்டிய விரல்.
மறுபடி குத்தினாள் நர்ஸ்.
கடைசியில் சுண்டுவிரல் ஓரம்
ஒரு சொட்டு கொடுத்தது:
இருநூற்று எழுபத்தெட்டு.

வஹாகா சந்தையில் இன்றும்
அடுக்கடுக்காய் விற்கிறாள்.
மதியம்
முள் சீவிய கள்ளி மடலை
அதே கல்லில் வாட்டி
முட்டையோடு தின்கிறாள்.
கொழகொழக்கிறது சனியன்.
திட்டிக்கொண்டே விழுங்குகிறாள்.

"உன் ரொட்டியை நீயே தொடுவதில்லையாமே,
மாவில் என்ன கலக்கிறாய்?"
மிளகாய்க் கடை பாசிலியோ சிரிக்கிறான்.

பதில் இல்லை.
உப்பி எழும் ஒன்றை
உள்ளங்கையால் அமுக்குகிறாள்.
ஆவி முகத்தில் அடிக்கிறது.
கண்ணை மூடி
நெஞ்சு நிறைய இழுக்கிறாள்.

இதற்கு மட்டும்
டாக்டர் அளவு சொல்லவில்லை.