எட்டுக் கேள்விக்குறிகள்

கொம்தார் மூன்றாம் மாடி.
போன் கவர் விற்கும் கடைக்கும்
பூட்டியே கிடக்கும் சலூனுக்கும் நடுவே என் மேசை.
குணாளன் ஹார்ட் டிஸ்கை
நாசி லெமாக் பொட்டலம்போல் சுற்றிக்கொண்டு வந்தார்.
ஜெலுத்தோங்கில் டயர் கடை.
"வருமான வரிக்காரன் பழைய இன்வாய்ஸ் கேக்குறான், தங்கச்சி.
எல்லாம் மெயில்லதான் இருக்கு. மெயில் தொறக்க மாட்டேங்குது."

திறக்காதுதான்.
எதையும் அழிக்கத் தெரியாத மனிதர்.
இரண்டு ஜிபி நிரம்பிய நாளில்
கோப்புக்கு மூச்சு முட்டிவிட்டது.

முதலில் நகல். அசலைத் தொடுவதில்லை,
எனக்கிருக்கும் ஒரே ஆசாரம் அது.
ஐந்து முறை ஓட்டியும் பாதியில் நின்றது.
ஆறாம் முறை, மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது,
நாலாயிரத்துச் சொச்சம் கடிதங்கள்
'கண்டெடுத்தவை' என்ற அடைவில் வந்து கிடந்தன.
வரிசை இல்லை, சிலவற்றில் அனுப்பியவர் பெயரும் இல்லை,
வெள்ளம் வடிந்ததும் ஆயர் ஈத்தாம் சாலையோரம்
காயப்போட்ட மெத்தைகள் மாதிரி.
தேதி தொலைந்தவற்றுக்கெல்லாம்
கணினி ஒரே நாளைப் போட்டிருந்தது:
1601, ஜனவரி ஒன்று.
ஜார்ஜ்டவுனே இல்லாத காலத்தில்
நான்கு டயருக்கு விலை கேட்டு ஒருவர் எழுதியிருக்கிறார்.

இன்வாய்ஸ் கிடைத்தது.
பணம் எண்ணிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.
"தைப்பிங்ல இருந்து அக்கா ஒரு மெயில் போட்டிருந்துச்சு.
அதையும் பாரேன்."

தேடினேன். இருந்தது. ஒரே வரி.

?????, ???? ????? ????????

"அப்பவே இப்படித்தான் வந்துச்சு," என்றார்.
அப்பா வீட்டை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தார்.
வாங்குகிறவன் அவசரப்படுத்தினான்.
போன் செய்து கேட்டிருக்கலாம்.
கையெழுத்துப் போட்டுவிட்டார்.
அதன்பின் அக்கா பேசவில்லை.
அதற்கு முன்பும் அதிகம் பேசியதில்லை.

இது கோப்பின் பழுது இல்லை என்று சொன்னேன்.
வழியில் எங்கோ, தமிழ் தெரியாத ஒரு சர்வர்
எழுத்தைத் தின்றுவிட்டுக் குறியைத் துப்பியிருக்கிறது.
என் கருவி, இருந்ததைத்தான் திருப்பித் தரும்.

ஆனால் எண்ணலாம்.
கொம்பு, கால், சுழி, புள்ளி, ஒவ்வொன்றுக்கும்
தனித்தனியே ஒரு குறி.
ஐந்து: தம்பி.
நான்கு: வீடு.
ஐந்து: விற்க.
அவர் உதடு அசைந்தது, என்னோடு சேர்ந்து.
கடைசிச் சொல்லுக்கு எட்டு.

வேண்டாம் என்று எழுதிப் பார்த்தேன், ரசீதின் பின்பக்கம்.
எட்டு.
சரிதான் என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.
எனக்கு ஏனோ பேனாவை மூட முடியவில்லை.
அதன் கீழேயே வேண்டும் என்று எழுதினேன்.
அதுவும் எட்டு.

நாலாவது எழுத்தை அவர் விரல் தொட்டது.
டா. டு.
ஒரு கால். அதற்குப் பதில் ஒரு சுழி.
பக்கத்துக் கடையில் யாரோ
திரைக்கு ஸ்டிக்கர் ஒட்டிக் காற்றை நசுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு?"
"இன்வாய்ஸுக்கு இருநூற்றைம்பது."
"இதுக்கு?"
இதற்கு எதுவும் செய்யவில்லையே என்றேன்.

ரசீதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
தைப்பிங்குக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.
படகேறிப் பட்டர்வொர்த் போகவேண்டும் என்றேன்.
அது தெரியும் என்றார்.